வாசிக்க ஆளில்லாத மெட்டுகள்



இரவு பத்தரை மணி. வீவக அடுக்குமாடி வீடு ஒன்றில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். வரவேற்பறை மூலையில், வேலை முடிந்து வந்த ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மின்னிலக்கப் பியானோவில் ஜாஸ் வாசிக்கிறார். அருகில் நிற்பவருக்குக் கேட்பது, கட்டைகள் எழும்பித் தாழும் 'டக் டக்' சத்தம் மட்டும்தான்.

ஜாஸ் பழகுவோர் பொதுவாக எல்லாருக்கும் தெரிந்த மெட்டுகளைத்தான் தேடிப் போகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் வாசிக்க ஆளில்லாமல் காத்திருக்கும் நல்ல மெட்டுகளும் ஏராளம். அவற்றுள் பல ஹெர்பி நிக்கல்ஸ் எழுதியவை.

நிக்கல்ஸ் 1919இல் நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மெட்டுகளை அவர் எழுதினார். 1955, 1956ஆம் ஆண்டுகளில் புளூ நோட் நிறுவனம் அவற்றில் சிலவற்றைப் பதிவு செய்தது. 1957இல் வேறொரு நிறுவனத்துக்காக இன்னோர் இசைத்தட்டு. வயிற்றுப்பாட்டுக்காக அவர் மற்றவர்களின் குழுக்களில், தமக்குப் பிடித்தமில்லாத பழைய பாணி இசையை வாசித்தார். பில்லி ஹாலிடே வரிகள் எழுதிப் பாடிய 'லேடி சிங்ஸ் தி புளூஸ்' உலகப் புகழ் பெற்றது. அந்த மெட்டு யாருடையது என்பது பலருக்குத் தெரியாது. அது நிக்கல்ஸ் போட்ட மெட்டு. 1963இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 44.

அவருடைய இசை அத்துடன் மறைந்துபோயிருக்கும். அவரிடம் நேரில் பழகிய டிராம்போன் கலைஞர் ரோஸ்வெல் ரட் அதை விடவில்லை. அந்த மெட்டுகளைத் தொடர்ந்து வாசித்தார். அச்சேறாமல் கிடந்த 27 மெட்டுகளை 2000ஆம் ஆண்டில் நூலாகவும் கொண்டுவந்தார்.

இங்கேதான் மின்னிலக்கப் பியானோ கைகொடுக்கிறது. அதன் 88 கட்டைகளும் உண்மையான பியானோவைப் போலவே கனமாக இருக்கும். விரல் அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப ஓசை கூடும், குறையும். இடக்கையின் கார்டுகளை முதலில் பதிவு செய்துகொண்டு, அதன்மேல் வலக்கையால் மெட்டை வாசித்துப் பழகலாம். கட்டைகளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத்தில் பேஸ் கருவியின் ஓசையை வைக்கலாம். தாளக்கருவியை மெதுவாக ஓடவிட்டு, அதன் தட்டுகளை இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையாகக் கொள்வது ஜாஸ் நடைக்கு நல்ல பயிற்சி.

'ஹவுஸ் பார்ட்டி ஸ்டார்ட்டிங்' என்ற அவருடைய மெட்டில் தொடங்கலாம். அவசரமில்லாத நடை. ஆனால் கார்டுகள் எதிர்பாராத பக்கம் திரும்பும். முதலில் நிக்கல்ஸின் பதிவைப் பலமுறை கேட்க வேண்டும். பிறகு மெட்டு, அதன்பின் கார்டுகள். கர்நாடக இசைக் கலைஞர் கற்பனை ஸ்வரம் பாடுவதுபோல் சொந்தமாக வாசிப்பது கடைசியில்தான். சுருதி மாற்றும் பொத்தானை மட்டும் நம்பிவிடக் கூடாது. அதை அழுத்தினால் கருவி சுருதி மாறும், விரல்கள் எதையும் கற்றுக்கொள்ளாது.

ஹெட்போனால் ஒரு நன்மை, அண்டை வீட்டாருக்குத் தொல்லை இல்லை. ஆனால் அதே ஹெட்போன் இசையை ஒருவர் காதுக்குள்ளேயே அடைத்தும் விடுகிறது. நிக்கல்ஸிடம் திறமைக்குக் குறைவில்லை. கேட்பவர்கள்தாம் போதவில்லை. அவர் மெட்டைப் பழகியவரும் அதைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டால், அந்த மெட்டுக்கு மறுபடியும் அதே கதிதான்.

ஆகவே, வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசிக்கட்டும். வீட்டில் உள்ளவர்கள் கேட்கட்டும். இது யார் மெட்டு என்று பிள்ளைகளில் ஒருவர் கேட்டால், நிக்கல்ஸின் பெயரைச் சொல்லட்டும்.