டிக்கெட் வாங்கியவருக்குத் தயவு எதற்கு?

(ஜெகதாப்பட்டினம் பட்டிமன்றம். தலைப்பு: மாற்றுத்திறனாளிகளுக்குப் பெரிதும் துணை நிற்பது நல்ல மனமே! நல்ல சட்டமே! 'சட்டமே' அணியில் ஆற்றிய உரை.)



"மனசு இருந்தாப் போதும், சட்டம் எதுக்கு?" என்று கேட்டார் எதிரணி அண்ணன். அண்ணனுக்குத் தங்கமான மனசு. ஆனா அதை மட்டும் நம்பி ஏர்போர்ட்டுக்குப் போக முடியாதுங்க! (சிரிப்பு)

2012 பிப்ரவரி 19. கொல்கத்தா விமான நிலையம். ஜீஜா கோஷ் என்ற பெண்மணி, கோவாவில் ஒரு மாநாட்டுக்குப் போக ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ளவர். விமானி சொன்னார் என்று இறக்கிவிட்டார்கள். ஒரு டாக்டரைக் கூடக் கேட்கவில்லை!

நம்ம ஊர்ல, படகிலே ஏறத் தடுமாறுகிறவனுக்கு நாலு கை நீளும். "இறங்குடா" என்று யாராவது சொல்வீர்களா? (கைதட்டல்)

"அதுதான் மனசு!" என்று அண்ணன் துள்ளுகிறார். அவசரப்படாதீங்கண்ணே. படகிலே இருக்கிறவன் பங்காளி, மாமன், மச்சான். விமானத்திலே?

2022 மே மாதம், ராஞ்சி. ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை இண்டிகோ விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள். முன்பின் தெரியாத சக பயணிகளே பரிந்து பேசினார்கள். அங்கே மனசு இருந்துச்சா, இல்லையா? இருந்துச்சு. கதவு திறந்ததா? திறக்கலையே!

"2008-லேயே விதி இருந்ததே, அது என்ன கிழிச்சுது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். விதி அன்றைக்கு ஜீஜாவைக் காப்பாற்றவில்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்கும் உரிமையைக் கொடுத்தது. 2016 மே 12-ல் தீர்ப்பு: 10 லட்சம் ரூபாய் இழப்பீடு! ராஞ்சி விவகாரத்தில் இண்டிகோவுக்கு 5 லட்சம் அபராதம். அதே ஆண்டு விதியையும் இறுக்கினார்கள். பறக்கும்போது பயணியின் உடல்நிலை கெட்டுவிடும் என்று விமான நிறுவனம் நினைத்தால், டாக்டர் பார்க்க வேண்டும்; பறக்கத் தகுதி உண்டா இல்லையா என்று அவர் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும். பார்த்த பார்வையிலே முடிவு கட்டக் கூடாது!

நாளைக்குத் திருச்சி ஏர்போர்ட்டிலே சக்கர நாற்காலியிலே போய் நிற்பது உங்க வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். அவன் யார் முகத்தையும் பார்த்துக் கெஞ்ச வேண்டாம். அவன் கையிலே இருப்பது டிக்கெட். பிச்சைப் பாத்திரம் இல்லை! (பலத்த கைதட்டல்)

மனசு கை கொடுக்கும், ஒத்துக்கிறேன். ஆனா கொடுத்த கையை அது இழுத்துக்கிட்டா, ஏன் என்று கேட்க முடியுமா? சட்டத்தைக் கேட்கலாம்! ஆகவே நடுவர் அவர்களே, துணை நிற்பது சட்டமே என்று தீர்ப்பு வழங்குங்கள்.