சாங்கி மண்ணின் பழைய குடிகள்

 

ஊருக்குப் போக நாம் விமானமேறும் சாங்கி, ஒரு காலத்தில் தென்னந்தோப்பும் கோழிப்பண்ணையும் மீனவர் குடில்களும் இருந்த கம்போங் பூமி. பாய லேபாரிலிருந்து விமான நிலையத்தை அங்கே மாற்ற 1975-இல் முடிவானது. 558 கட்டடங்கள் இடிக்கப்பட்டன. 4,096 கல்லறைகள் தோண்டப்பட்டன. சதுப்பும் கடலும் மண்ணால் தூர்க்கப்பட்டன. 1981 ஜூலை 1-ஆம் நாள் விமானங்கள் வந்திறங்கின. தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள்.

வீடு கிடைத்தது, கம்போங்கின் சுராவ் கூட வரவில்லை. அதே 1975-இல்தான் பள்ளிவாசல் கட்டும் நிதி தொடங்கியது. ஊழியர்கள் ஆளுக்கு மாதம் 50 காசு கொடுத்தார்கள். 1977-இல் தோ பாயோவில் எழுந்த பள்ளிக்கு முஹாஜிரீன் என்று பெயர். இடம்பெயர்ந்தோர் என்பது பொருள். 1981-இல் பிடோக்கில் எழுந்தது அல்-அன்சார். வந்தோரை அரவணைத்தோர் என்பது பொருள். மதீனாவின் வரலாறே அந்த இரு பெயர்களில் இருக்கிறது.

கம்போங் திரும்பாது. ஆனால் அங்கே வாழ்ந்த பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எந்தத் திடலில் பெருநாள் தொழுதார்கள், யார் தோட்டத்து இளநீரில் நோன்பு திறந்தார்கள், யாரை எங்கே அடக்கினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பொன்விழா காணும் நம் சங்கத்தின் அடுத்த வேலை அதுவாகட்டும்.