நாமக்கல்லுக்கு அரசு கொடுத்தது

1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தமிழக அரசு அனுமதி தந்தது. அதன் பிறகு நாமக்கல் மாவட்டத்தில் திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்து மேட்டாங்காடுகளில் ஒவ்வொன்றாகக் கல்லூரிகள் எழுந்தன. லாரியையும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியையும் விசைத்தறியையும் நம்பிய குடும்பங்களின் பிள்ளைகள் சொந்த ஊரிலிருந்தே பட்டம் பெற்றார்கள். இது பெரிய காரியம். ஆனாலும் எந்த ஊருக்கு எந்தப் படிப்பு வேண்டும் என்பதைச் சேர்க்கைக் கூட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லே இதற்குச் சான்று. 1985-இல் அரசு அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. பட்டம் கொடுப்பதோடு அதன் வேலை முடியவில்லை. கோழித்தீவனத்தைப் பரிசோதிக்கிறது, பண்ணையாளர்களுக்குப் பயிற்சி தருகிறது, வெயில் ஏறும் வாரங்களில் கோழிகளை எப்படிக் காப்பது என்று வானிலையோடு சேர்த்து அறிவுரை சொல்கிறது. மாணவர் கட்டணத்தை மட்டுமே நம்பும் கல்லூரிக்கு இப்படிப்பட்ட பணி எளிதல்ல.

எல்லாவற்றையும் அரசே கட்ட முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கட்ட வேண்டியதில்லை. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு; கலந்தாய்வில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. மக்கள் பணம் அங்கேயும் போகிறது என்றால், இந்த மண்ணுக்கு என்ன கற்பிக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. மரவள்ளியும் ஜவ்வரிசியும் வெள்ளிக் கொலுசும் விசைத்தறியும் ஆய்வுக்கூடத்துக்குள் வர வேண்டும். சேலம், நாமக்கல் பகுதிக் கலை, அறிவியல் கல்லூரிகளை இணைத்து 1997 முதல் இயங்கும் பெரியார் பல்கலைக்கழகம் அந்தக் கேள்வியை முதலில் எழுப்பலாம்.