ஐந்து எழுத்து, ஐந்து எண்



நம் தரைப்படையில் உடல்தகுதியை 'ஷேப்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். எஸ் மனநலம், எச் செவி, ஏ கை கால்கள், பி உடலின் பொதுத்திறன், ஈ கண். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை தரம். எல்லாமே 1 என்றால் சியாச்சினோ பாலைவனமோ, எங்கும் அனுப்பலாம். 2, 3 என்றால் சில வேலைகளுக்குத் தடை. 4 என்றால் மருத்துவமனை அல்லது நோய்விடுப்பு. 5 என்றால் படைப்பணிக்கு நிரந்தரமாகத் தகுதியில்லை.

படையின் தொழில்நுட்பப் பிரிவில் இருந்தபோது எனக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. "வெளியே சொல்லாதடா, பதவி உயர்வு போயிடும்"னு நண்பன் சொன்னான். மறைத்தேன். ஒருநாள் மலைப்பாதையில் கால் மடங்கி விழுந்தேன். என் மூட்டையை இரண்டு ஜவான்கள் தங்கள் மூட்டையோடு சேர்த்துச் சுமந்தார்கள். அப்போதுதான் உறைத்தது.

மருத்துவக் குழுமுன் போய் நின்றேன். ஏ-3 கொடுத்தார்கள், வேலை பட்டறைக்கு மாறியது. மலையேற முடியாத நான், மலையேறும் வண்டிகளைச் சரிசெய்து அனுப்பினேன்.

கிரேனில் 'இவ்வளவு டன்தான் தூக்கும்' என்று எழுதியிருந்தால் அது கிரேனுக்கு அவமானமா? கீழே நிற்பவனுக்குப் பாதுகாப்பு. படைக்குப் போகிறவர்களே, மறைக்காதீங்க.