வில்லனின் புன்னகையும் வீதியின் சினமும்



1990 நவம்பர் 18 அன்று 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' என்னும் தொடரை பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பத் தொடங்கியது. நான்கே நாட்களில், பதவி விலகுவதாகப் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் அறிவித்தார்.

அத்தொடரின் நாயகனும் வில்லனும் ஒருவனே: கன்சர்வேடிவ் கட்சியின் தலைமைக் கொறடா பிரான்சிஸ் அர்க்கார்ட். அமைச்சர் பதவி மறுக்கப்பட்டதும் அவன் பிரதமரையே வீழ்த்த முனைகிறான். சக தலைவர்களின் இரகசியங்களைக் கசியவிடுகிறான், கொலையும் செய்கிறான். இடையிடையே காமிராவை நோக்கிப் புன்னகைத்துப் பேசுகிறான். இயன் ரிச்சர்ட்சனின் நடிப்பில் மயங்கும் பார்வையாளர், தம்மையறியாமல் அவனுக்கு உடந்தையாகின்றனர்.

மூலக்கதையை எழுதிய மைக்கேல் டாப்ஸ் அக்கட்சியிலேயே உயர் பொறுப்பு வகித்தவர். அதிகாரத்தின் உள்ளறைகளை நன்கறிந்தவர். ஆயின் அவ்வறைகளுக்கு வெளியே நிற்கும் மக்கள்திரளுக்குக் கதையில் பங்கில்லை.

வரலாற்றில் பங்கு இருந்தது. செல்வருக்கும் தொழிலாளிக்கும் ஒரே தொகை விதித்த தலைவரியை எதிர்த்து, அதே ஆண்டு மார்ச் 31 அன்று இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் மக்கள் திரண்டனர். இலட்சக்கணக்கானோர் வரி கட்ட மறுத்தனர். தாட்சரை அவரது கட்சியே கைவிட்டதற்கு அச்சினமும் ஒரு காரணம்.

அடுத்து வந்த மேஜர் அரசு தலைவரியைக் கைவிட்டது. ஆனால் இரயில்வேயைத் தனியாரிடம் ஒப்படைத்தது. ஆள் மாறினார், கொள்கை மாறவில்லை.

தீயவன் ஒருவனே தீமைக்குக் காரணம் எனில், நல்லவன் ஒருவனைத் தேடினாலே போதும் என்றாகிவிடும். வில்லனின் முகத்தை மட்டும் பார்த்திருப்போர், அவன் எவ்வர்க்கத்தின் ஊழியன் என்று கேட்க மறக்கின்றனர். கேட்க வேண்டிய கேள்வி அதுவே.