விதியை மாற்றும் உரிமை யாருக்கு?
(வில்லியனூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கண்ணால் காணாத, கையால் தொடாத ஒரு நாணயத்தைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது. கிரிப்டோ நாணயம் என்பது அதன் பெயர். "இதற்கு முதலாளி இல்லை, சர்க்கார் இல்லை, எல்லோரும் சேர்ந்து நடத்துவது" என்று சொல்லி விற்கிறார்கள். எல்லோரும் என்றால் யார்? அதில் நமக்கு எத்தனை வாக்கு?

2016-ல் நடந்ததைப் பாருங்கள். எத்தீரியம் என்ற நாணயத்தை வைத்திருந்தோர் 'டாவோ' என்று ஒரு பொது நிதி திரட்டினார்கள். சுமார் 15 கோடி டாலர் சேர்ந்தது. மானேஜர் கிடையாது, கணக்குப் பிள்ளை கிடையாது. கம்ப்யூட்டரில் எழுதிய விதியே சட்டம் என்றார்கள்.

அந்த விதியிலே ஓர் ஓட்டை இருந்தது. சம்பள நாளன்று, பதிவேட்டில் பற்று எழுதும் முன்பே பணத்தைக் கொடுத்துவிடும் காஷியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வரிசையில் வந்து நின்றால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. ஜூன் 17-ந் தேதி எவனோ ஒருவன் 36 லட்சம் ஈதர் நாணயத்தைச் சுருட்டினான். ஆனால், சில வாரங்களுக்கு அதை வெளியே எடுக்க விதி இடம் தரவில்லை.

அதற்குள் என்ன செய்வது? அங்கேதான் சண்டை மூண்டது. "திருட்டு திருட்டுத்தான், கணக்கைத் திருத்தி, பணம் போட்டவர்களுக்கே திருப்பிக் கொடுங்கள்" என்றது ஒரு தரப்பு. "இன்று இதற்காகத் திருத்தினால், நாளை வலுத்தவன் கேட்கும்போதெல்லாம் திருத்துவீர்கள்" என்றது மறு தரப்பு. இரு பக்கமும் நியாயம் இருந்தது.

எப்படித் தீர்த்தார்கள்? வாக்கெடுப்பு வைத்தார்கள். தலைக்கு ஒரு வாக்கு அல்ல. கையிலுள்ள நாணயத்தின் அளவுக்கு வாக்கு! மொத்த நாணயத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதில் கலந்துகொள்ளவில்லை. ஜூலை 20-ல் கணக்கைத் திருத்தினார்கள். ஒப்பாதவர்கள் பழைய கணக்கையே தொடர்ந்தார்கள். நாணயம் இரண்டாக உடைந்தது. எத்தீரியம், எத்தீரியம் கிளாசிக் என இரண்டும் இன்றும் இருக்கின்றன.

நாம் அறிய வேண்டியது இதுதான்: இயந்திரம் விதியை நடத்தும், ஆனால் விதியை எழுதுவதும் மாற்றுவதும் மனிதர்களே. நமது கூட்டுறவுச் சங்கத்தில் பத்துக் காணி உள்ளவருக்கும் ஒரு வாக்கு, கால் காணி உள்ளவருக்கும் ஒரு வாக்கு. அங்கேயும் ஊழல் நுழையும். ஆனால் தட்டிக் கேட்கப் பொதுக்குழு உண்டு. பண மூட்டைக்கு வாக்கு என்றால், ஏழையின் குரல் எந்த மூலையில் கேட்கும்?

விதிகள் வானத்திலிருந்து விழுவதில்லை. 1936 ஜூலை 30-ல் புதுச்சேரியில் 12 ஆலைத் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். அதன் பிறகே 8 மணி நேர வேலை என்ற விதி வந்தது. பணத்தின் எடையால் அல்ல, திரண்டு நின்ற தலைகளின் எண்ணிக்கையால் வந்தது!

எனவே தோழர்களே, கிராஜுவிட்டிப் பணத்தையும் அறுவடைக் கூலியையும் குறிவைத்து எவராவது நாணயம் விற்க வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். விதியை மாற்றுவது யார்? வாக்கு தலைக்கா, பணத்துக்கா? பணம் போனால் யாரிடம் கேட்பது? இதன் லாபத்துக்கு 2022 முதல் 30 சதவீத வரி போடும் சர்க்கார், இதைச் செல்லுபடியாகும் பணமாக ஏற்கவில்லை என்பதையும் மறவாதீர்கள். மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில், நம் வியர்வைக் காசில் ஒரு தம்பிடிகூட வைக்க வேண்டாம்!