ஆறாத கால் புண்
(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



"டாக்டர்தானே, ஏதாவது உபயோகமா பேசுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். சர்க்கரை, மாரடைப்பு பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கால் புண்ணைப் பற்றிப் பேசுகிறேன். நின்றே பிழைப்பவர்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்: ஆசிரியர், சலூன்காரர், பரோட்டா மாஸ்டர், காவலாளி.

கணுக்காலுக்குச் சற்று மேலே, பெரும்பாலும் உட்புறம், தோல் கறுத்து, அரித்து, பிறகு புண்ணாகும். 'நரம்பு சுருட்டல்' என்கிறோம். நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கெட்டது சிரை. நிற்கும்போது இதயம் முதல் கணுக்கால் வரை ஏறத்தாழ 120 செ.மீ. உயரத்துக்கு இரத்தம் நிற்கிறது. அதனால் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம். நடந்தால் கெண்டைக்கால் தசை பம்பு மாதிரி இரத்தத்தை மேலே தள்ளும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்பவிடாது. அழுத்தம் 30-க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு பழுதானால் நடந்தாலும் இறங்காது. தோல் எத்தனை நாள் தாங்கும்?

ஒரு பரோட்டா மாஸ்டர் ஆறு வருடப் புண்ணோடு வந்தார். பை நிறைய ஆயின்ட்மென்ட் டியூப். அவற்றில் நியோமைசின் கலந்ததும் உண்டு. அது ஒத்துக்கொள்ளாமல் சுற்றிலும் தோல் வெந்திருந்தது. "நாத்தம் அடிக்குதுன்னு கல்லுகிட்டயே விடமாட்டேங்கிறாங்க சார்" என்றார். அவருக்கு நான் புது மருந்து எதுவும் எழுதவில்லை. கட்டினேன். வாரா வாரம் கட்டினேன். நான்கு மாதத்தில் மூடியது.

இதுதான் முதல் வைத்தியம், அழுத்தக் கட்டு. கால் விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை, கணுக்காலில் சுமார் 40 மி.மீ. அழுத்தம். பௌதிக மாணவர்களுக்கு லாப்லாஸ் விதி ஞாபகம் இருக்கும்: இழுவிசை ஒன்றே என்றால், ஆரம் சிறுத்த இடத்தில் அழுத்தம் கூடும். ஆகவே ஒரே சீராகச் சுற்றினாலே மெலிந்த கணுக்காலில் அதிகமாகவும், பருத்த கெண்டைக்காலில் குறைவாகவும் அழுத்தும். நமக்கு வேண்டியதும் அதுதானே!

கட்டுவதற்கு முன் ஒன்று அவசியம். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். 0.8-க்குக் கீழே என்றால் தமனியிலும் அடைப்பு. இறுக்கிக் கட்டினால் காலே போய்விடும். சர்க்கரைக்காரர்களுக்குத் தமனி கெட்டிப்பட்டு இந்தக் கணக்கு பொய்யாகவும் காட்டும், ஜாக்கிரதை. எனவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கட்டினார்களே என்று நீங்களாகச் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

ஆன்டிபயாடிக்? காய்ச்சல், பரவும் சிவப்பு, கூடும் வலி இருந்தால் மட்டும். புழுவை விட்டுப் புண்ணைச் சுத்தம் செய்தும் பார்த்தார்கள். 2009-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் புண் சீக்கிரம் ஆறவில்லை, வலிதான் கூடியது. பல மாதம் கட்டியும் அசையாத புண்ணில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்; அரிதாகப் புற்றுநோயாக இருக்கும்.

முன்பெல்லாம் "புண் ஆறட்டும், பிறகு சிரையைப் பார்க்கலாம்" என்போம். 2018-இல் பிரிட்டனில் 450 பேரிடம் நடத்திய ஆய்வு அதை மாற்றிவிட்டது. எல்லோருக்கும் கட்டு உண்டு. இரண்டு வாரத்துக்குள் சிரையையும் அடைத்தவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது; தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். லேசர், ரேடியோ அலை, நுரை ஊசி என்று வழிகள் உண்டு. அன்றே வீட்டுக்குப் போகலாம். எனவே டாப்ளர் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆறிய புண் திரும்ப வரும். அதற்குத்தான் ஸ்டாக்கிங். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் மாட்ட வேண்டும். கால் வீங்கிய பிறகு ஏறாது. சித்திரை வெயிலில் கசகசக்கும், எனக்கும் தெரியும்! உட்காரும்போது காலைத் தொங்கப்போடாதீர்கள்.

சாப்பாட்டு நேரத்தில் நான் இங்கேதான் இருப்பேன். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்ட யாரும் கூச்சப்பட வேண்டாம்.